டாக்டர் வள்ளிக்கண்ணுவின் கூடுதல் ஒயர்

எங்கள் டாக்டரம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் முருகன்தான். லிஃப்ட் நின்றால் முருகா, காபி ஆறிப்போனால் முருகா. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம், பெயரே வள்ளிக்கண்ணு, வேறு யாரைக் கூப்பிடுவார்?

அவர் இதயத் துடிப்பு மருத்துவர். இதயத்தில் அடைப்பு எடுக்கிற டாக்டர்கள் வேறு. இவர் பார்ப்பது அதற்குள் ஓடும் மின்சாரத்தை. திருச்சி காந்தி மார்க்கெட் ஆட்கள் "கரண்ட் டாக்டர் எந்த ரூம்?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓர் இழை கூடுதலாக இருக்கும். நாங்கள் அதை ஒயர் என்போம். மின்சாரம் அதில் புகுந்து சுற்ற ஆரம்பித்தால் நெஞ்சு தறிகெட்டு ஓடும். தொடை வழியாக மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அந்த இடத்துக்குச் சூடு வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் முதலில் அந்தப் படபடப்பை மேஜையிலேயே வரவழைக்க வேண்டும். வந்தால்தான் ஒயர் எங்கே என்று தெரியும்.

நான் லிசி, அந்த அறையின் நர்ஸ். எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டுமே.

ஒரு நாள் நோயாளியின் இதயத்துக்குள் கம்பி இருக்கும்போதே டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு மேஜையைப் பிடித்தார். கழுத்தில் துடிக்கிற துடிப்பு எனக்கே தெரிந்தது. மூச்சைப் பிடித்து முக்கினார், படபடப்பு நின்றது. வேலையை முடித்தார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா டாக்டர் இந்தக் கூத்து?"

"காலேஜ் நாள்லேர்ந்து இருக்கு லிசி. இருந்துட்டுப் போகட்டும்."

"ஊருக்கெல்லாம் சூடு வைப்பீங்க. உங்களுக்கு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமா?"

அப்புறம்தான் சொன்னார். மருத்துவக் கல்லூரிக்கு லால்குடியிலிருந்து ரயிலில் வந்த காலம். ஸ்ரீரங்கத்தில் ஹரிஹரசுதன் என்று ஒருவர் ஏறுவாராம், பாத்திரக்கடைக்காரர் மகன். "இங்க யாராவது வராங்களா?" என்று கேட்டு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அந்தப் படபடப்பு முதலில் வந்ததாம். காதல் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். படிப்பு முடியும் சமயத்தில் ஒரு தடவை படபடக்கையில் தனக்குத்தானே ஈசிஜி எடுத்துப் பார்த்தால், ஒயர்! அந்த வியப்பில்தான் இந்தத் துறைக்கே வந்தார். அதற்கு எம்.டி., அதற்குமேல் டி.எம்., அதற்கும்மேல் வெளியூரில் பயிற்சி. ஒவ்வொரு முறையும் "இது ஒண்ணு மட்டும் முடிச்சுட்டு வந்துடுறேன் ஹரி" என்பார். ஹரி காத்திருந்தார். அவர் வீட்டார் காத்திருக்கவில்லை. இவர் எல்லாம் முடித்துத் திருச்சிக்குத் திரும்பியபோது ஹரிக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

இப்போது இருக்கும் தென்னூர் வீட்டிலிருந்து லால்குடிக்குப் போக ஸ்ரீரங்கத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போதெல்லாம் படபடப்பு வருமாம். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

"அவருகிட்டேர்ந்து எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான் லிசி. இதுக்கும் சூடு வெச்சுட்டா அவரு மொத்தமா போயிடுவாரு."

அதற்காக விட்டுவிட முடியுமா?

"கம்பிய நீங்க பிடிச்சிருக்கும்போது மயங்கி விழுந்தா, மேஜையில படுத்திருக்கிறவங்க கதி என்னங்க டாக்டர்?"

அன்றைக்கே போனை எடுத்து, தனக்குச் சூடு வைக்க மதுரையிலிருந்து அவருடைய நண்பர் டாக்டர் அழகர்சாமியை வரச் சொன்னார்.

மரத்துப்போக ஊசி மட்டும்தான், முழு மயக்கம் கிடையாது. அழகர்சாமி கம்பி வழியாகத் தூண்டிப் பார்த்தார். படபடப்பு வரவில்லை. மருந்து ஏற்றினார். அப்போதும் வரவில்லை. "இன்னிக்கு இது வராது போலிருக்கே, கம்பிய எடுத்துடலாமா?" என்றார். நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஸ்ரீரங்கத்துக்காரரை நினைக்காமல் பிடிவாதமாகப் படுத்திருக்கிறார்!

குனிந்து காதில் சொன்னேன்: "திருட்டுத்தனம் பண்ணாதீங்க. நெனைங்க."

முறைத்தார் பாருங்கள் ஒரு முறைப்பு. அப்புறம் கண் மூடியது. உதடு அசைந்தது.

"ஹரி."

திரையில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. "அட, பெருமாளைக் கூப்பிட்டதும் வந்துடுச்சே! ரங்கநாதா!" என்று அழகர்சாமி கம்பியை நகர்த்தினார். முருகனைத் தவிர வேறு சாமி தெரியாத பொம்பளை எந்தப் பெருமாளைக் கூப்பிட்டாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, "ஹரி" என்றார். அழகர்சாமி சூடு வைத்தார். ஓட்டம் பட்டென்று நின்றது. பிறகு எவ்வளவு தூண்டியும் அது திரும்பவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். "ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வரலாமா லிசி?" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாத்திரக்கடையில் நரைத்த தலையோடு ஒருவர் "வாங்க, என்ன பாக்குறீங்க?" என்று எழுந்தார். அப்புறம் அப்படியே நின்றார். ரயிலில் வா, போ என்று பேசியவர், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேங்க."

அந்த இரண்டு 'ங்க'வையும் கேட்க என்னாலேயே முடியவில்லை. டாக்டர் ஓர் இட்லிப் பானை வாங்கினார். ஹரியே அதைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் டாக்டர் வாய்விட்டு அழுதார். பழக்கதோஷம், நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி சீராக, சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா ஓடுதுங்க டாக்டர். ஒண்ணுகூட தப்பல."

"தெரியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒயர்தான் போச்சு லிசி. அவரு போகல."