ஹெட்போனின் இடது பக்கம்

செம்பூரில் ஒரு சிந்தி சேட் தன் ஹோட்டல் மாடியில் டிஸ்கோ ஆரம்பித்தார். இசைத்தட்டு போட ஆள் தேடினார். என்னைக் கூப்பிட்டார்.

அப்போது நான் தாராவியில் அத்தானோடு ரேடியோ செட் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். செட் அவருடையது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கணபதி என்று எது வந்தாலும் போவோம். அவர் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். நான் கீழே உட்கார்ந்து ரெக்கார்டு போடுவேன். படிப்பு எனக்கு ஏறவில்லை. கை வேலை வந்தது.

அந்த வருஷங்களில் இளவட்டங்கள் பிரேக் டான்ஸ் என்று தரையில் சுற்றினார்கள். வீடியோவில் பார்த்துவிட்டு வந்து, தட்டைக் கையால் பின்னால் இழுத்துக் கிர் கிர் என்று சத்தம் போடச் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன். நாலைந்து தட்டு வீணானது. அப்புறம் கைக்கு வந்துவிட்டது. செம்பூரில் ஒரு கணபதி பந்தலில் அதைக் கேட்டுத்தான் சேட் வரச் சொன்னார்.

அவர் சொன்னது இதுதான். மிஷின்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கின்றன. ஒழுங்காக ஓடவில்லை. நீ சரி செய். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் பார்ட்னர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டு. பிடித்தால் மாதச் சம்பளம்.

எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி ஊரில், அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் அக்கா வீட்டுப் பரணில் படுத்தேன். ரேடியோ செட் வருமானம் வந்தால் வரும், மழைக்காலத்தில் வராது. அதை நம்பி யாரும் ரூம் கொடுக்க மாட்டார்கள். மாதச் சம்பளம் என்றால் கொடுப்பார்கள். கதவு வைத்த ஒரு ரூம். அவளைக் கூட்டி வந்துவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அத்தானும் கூட வந்தார். செட்டை விட்டு நான் போவதில் அவருக்கு நஷ்டம். ஆனாலும் வந்தார்.

"சிந்திக்காரன் ஏசி போட்டிருக்கான்லா மாப்ள. வேல கெடைக்கலைன்னாலும் ரெண்டு நாளு குளுகுளுன்னு இருந்துட்டு வருவோம்" என்றார்.

மாடியில் இரண்டு பிளேயர்கள் இருந்தன. எங்கள் பிளேயரில் ரப்பர் பெல்ட்தான் தட்டைச் சுற்றும். இவற்றில் பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டுக்குக் கீழே. பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் உடனே வேகம் பிடித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நடுவில் இரண்டு பாட்டையும் கலக்கும் மிக்சர். ஒரு ஹெட்போன். அதுவரை நான் ஹெட்போன் மாட்டியதில்லை. பந்தலில் அதற்கு வேலை இல்லை.

முதலில் ஒரு இரைச்சல். தட்டு சுற்றாமலே ம்ம் என்று மாடி முழுக்க. பின்னால் பார்த்தேன். பிளேயரிலிருந்து மெல்லிசாக ஒரு எர்த் ஒயர் தொங்கியது. அதை யாரும் மாட்டவில்லை. மிக்சரின் திருகில் சுற்றி இறுக்கினேன். நின்றது.

அடுத்தது, ஆள் நடந்தால் முள் குதித்தது. பலகைத் தரை. ஆடினால் என்ன ஆகும்? கடப்பாக்கல் ஒன்று வாங்கி வரச் சொல்லி, அதற்குக் கீழே சைக்கிள் ட்யூபை மடித்து வைத்து, மேலே பிளேயர்களை வைத்தோம். அத்தான் பக்கத்தில் நின்று குதித்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

"என் வெயிட்டுக்கே நிக்கு. இனி பம்பாயே ஆடலாம்" என்றார்.

மூன்றாவது கார்ட்ரிட்ஜ். முள்ளைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி. வந்தது வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்களுக்கான சாமான். முள்நுனி தட்டையாக, தண்டு நூல் போல மெல்லிசாக. சத்தம் சுத்தம். ஆனால் தட்டைப் பின்னால் இழுத்தால் முள் தன் ஓடையை விட்டு ஏறி ஓடிவிடும். இரண்டு மூன்று இழுப்பில் தண்டு கோணும். தாராவியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முள் குதித்தால் அதன் தலைமேல் பாரத்துக்குக் காசு வைப்போம். எங்கள் பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் அதைத் தாங்கும். இது தாங்காது. அத்தான் பையில் காசு தேடினார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

லேமிங்டன் ரோடு போனேன். உருண்டை நுனி, குட்டையான தடித்த தண்டு, சத்தம் கூடுதலாகத் தருவது என்று கேட்டேன். அலசி ஒரு கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. இழுக்கிறதுக்குத் தடித்த தண்டு வேண்டும். ஒரு பாட்டோடு இன்னொன்றைச் சேர்க்கிறதுக்குச் சத்தம் கூடுதலாக வேண்டும், ஹாலின் இரைச்சலில் ஹெட்போனில் கேட்க வேண்டுமே. இந்த முள் தட்டைச் சீக்கிரம் தின்னும். இழுக்கிற இடம் வெளுத்துப் போகும். அது தெரிந்துதான் வாங்குவது. முள்ளைத் தாங்கும் பிளேயர் கையின் பின்பக்க எடையைத் திருகிக் கொஞ்சம் அழுத்தம் கூட்டினேன். தட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையை வட்டமாக வெட்டிப் போட்டேன், கைக்கு வழுக்க. முள் நின்றது. கிர் கிர் நன்றாக வந்தது. சேட் வந்து கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

ஒரு கோளாறு மட்டும் போகவில்லை. ஹெட்போனில் இடது பக்கம் சத்தம் கம்மி. பழைய கார்ட்ரிட்ஜிலும் அப்படித்தான் இருந்தது. புதுசு போட்டால் சரியாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. இரண்டு பிளேயரிலும் ஒரே மாதிரி. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல ஒரே பக்கம் கெடுமா?

ஆனால் எங்கள் செட்டில் பக்கம் என்று ஒன்று கிடையாது. கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிற இடது ஒயரையும் வலது ஒயரையும் சேர்த்து முறுக்கி ஒன்றாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துவிடுவோம். எல்லாக் குழாயிலும் ஒரே சத்தம். பந்தலுக்கு அதுதான் சரி. தாராவியில் செட் கட்டுகிற எல்லாரும் அப்படித்தான். அதனால் இடதையும் வலதையும் நான் தனித்தனியாக ஒருநாளும் கேட்டதில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மாற்றிப் போடுவதுதான் முறை. மாற்றினால் கோளாறும் கூடவே போகும். கார்ட்ரிட்ஜின் பின்னால் நாலு சின்ன ஒயர்கள். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. இடுக்கியால் பிடித்து மாற்றிப் போட்டேன். கார்ட்ரிட்ஜ் கெட்டிருந்தால் இப்போது வலது குறைய வேண்டும். இடதுதான் குறைந்தது. அதைப் பழையபடி வைத்துவிட்டு, மிக்சரில் செருகும் பிளக்குகளை மாற்றினேன். அப்போதும் இடது. சரி, ஹெட்போன் என்று நினைத்தேன். கழற்றி, திருப்பி மாட்டினேன். இடது கிண்ணம் வலது காதில், வலது கிண்ணம் இடது காதில்.

அப்போதும் இடது.

பிறகு ஹெட்போனைக் கழற்றி அத்தானிடம் கொடுத்தேன்.

"கேட்டுப் பாருங்க அத்தான். எந்தப் பக்கம் கம்மியா இருக்கு?"

மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணு போலதானே கேக்கு. தாளம் போட்டுக் கிழிக்கான். நல்லாத்தான இருக்கு?"

"இடது பக்கம்?"

"அதான் சொல்லுதேன்லா, ரெண்டும்..." என்றவர் என் முகத்தைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றினார். என் இடது பக்கம் வந்து நின்றார். ஏதோ சொன்னார் போல. நான் திரும்பவில்லை. அதோடு அவருக்கும் தெரிந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்றேன். டாக்டரம்மா காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தாள். இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்தாள். என்ன வேலை என்று இந்தியில் கேட்டாள். சொன்னேன். நரம்பு போயிருக்கிறது, திரும்ப வராது, மிச்சம் இருப்பதைப் பார்த்துக்கொள் என்றாள். ஆம்ப்ளிஃபயர் மேஜை எப்போதும் முதல் குழாயின் கீழேதான் இருக்கும். நான் உட்காருகிற வாக்கில் குழாய் என் இடது பக்கம். அத்தனை வருஷமும்.

இதில் என்ன கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். டிஸ்கோவில் பாட்டு நிற்கக்கூடாது. ஒன்று ஹாலில் ஓடும்போதே அடுத்ததை ஹெட்போனில் ஒரு காதால் கேட்க வேண்டும். மற்றக் காது ஹாலைக் கேட்க வேண்டும். இரண்டு தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு காது வேண்டும். இழுத்துச் சத்தம் போட ஒரு காது போதும்.

சேட்டிடம் சொல்லவில்லை. அத்தான் ஒரு வழி சொன்னார்.

"நீ நல்ல காதுல ஹெட்போன மாட்டிக்க. நான் பக்கத்துல நிக்கேன். ஹால்ல ஓடுற தாளத்த ஒன் தோளுல தட்டுதேன். நீ அதுக்குச் சேத்து வுடு."

"ஒங்களுக்குத் தாளம் வருமா?"

"ஏல, கோயில் கொடையில எத்தன மேளம் கேட்டிருக்கேன்? என்னைய என்னன்னு நெனச்ச?"

மத்தியானங்களில் பழகினோம். முதலில் ஒழுங்காகத் தட்டுவார். பாட்டுப் பிடித்துப்போனால் மேளக்காரர் மாதிரி நடுவில் ரெண்டு தட்டு கூடப் போட்டுவிடுவார். தாளம் கெடும். நான் திரும்பிப் பார்ப்பேன். நாக்கைக் கடித்துக்கொள்வார். வரவர நன்றாகவே வந்தது. தோளில் வலது கை, அழுத்தமாக, சொணங்காமல். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மாட்டுங்கா பக்கம் ரூம் கிடைக்காது, மாஹிம் பக்கம் பார்க்கலாம் என்று அத்தானே சொன்னார்.

சனிக்கிழமை சேட்டின் பார்ட்னர்கள் வந்தார்கள். உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் முதல் பாட்டைப் போட்டேன். அத்தான் தோளில் தட்டினார். இரண்டாவதைச் சேர்த்தேன். எங்கே சேர்ந்தது என்று தெரியாமல் சேர்ந்தது. நடுவில் இழுத்துக் காட்டினேன். ஒருவர் கைதட்டினார். மூன்றாவதும் சேர்ந்தது.

அப்போது ஒரு பார்ட்னர் சேட்டிடம் ஏதோ கேட்டார். சேட் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"அரே, யே கௌன் ஹை? வேலைக்கு ஒரு ஆள்தானே? அவரைக் கீழே போய்ச் சாயா குடிக்கச் சொல்."

அத்தான் கையை எடுக்கவில்லை. "ஹெல்பர் சேட், ஹெல்பர்" என்றார்.

"ஹெல்பருக்குச் சம்பளம் கிடையாது. நீச்சே ஜா."

கை போனது.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியப் போகிறது. அடுத்தது ஹெட்போனில் தயார். தட்டு உட்காரும் சுழல்வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் இருக்கும், அவற்றைப் பார்த்து, பழகி வைத்த வேகத்துக்குக் கொண்டுவந்தேன். வேகம் சரி. ஆனால் அடி எங்கே விழுகிறது என்று புள்ளி சொல்லாது. ஹெட்போனைக் கழற்றினால் ஹால் கேட்டது, அடுத்த பாட்டு இல்லை. மாட்டினால் அடுத்த பாட்டு, ஹால் இல்லை. குத்துமதிப்பாக விட்டேன். இரண்டும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. மாற்றப் பார்த்தேன். இன்னும் கெட்டது. பார்ட்னர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் பாட்டை நிறுத்தினேன்.

சேட் பக்கத்தில் வந்தார். "க்யா ஹுவா?"

இடது காதைத் தொட்டுக் காட்டினேன். "யே நஹி சுன்தா" என்றேன், இது கேட்காது என்று. அவர் என் காதைப் பார்த்தார், வெளியே ஏதாவது காயம் தெரியும் என்பது போல. பிறகு தோளைத் தட்டினார். தாளத்துக்கு இல்லை. போ என்பதற்கு.

பாந்திராவிலிருந்து ஒருவனை வைத்தார்கள். முள் எடை எவ்வளவு, எர்த் எங்கே, எந்த நுனி வாங்க வேண்டும் என்று எல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சேட் கேட்டுக்கொண்டார், செய்தேன். நன்றாக வாசித்தான். கெட்டிக்காரன்.

அக்கா அதன்பிறகு என்னிடம் எல்லாவற்றையும் கத்தித்தான் சொன்னாள். முன்பெல்லாம் கூப்பிட்டால் திரும்பாததற்குத் திமிர் என்பாள். வலது காது கேட்கிறது என்று நான் சொல்லவில்லை. அத்தான் ஆம்ப்ளிஃபயர் மேஜையை முதல் குழாயிலிருந்து தள்ளிப் போட ஆரம்பித்தார்.

ரூம் எடுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் மனைவி வந்தாள், பரணுக்கே. ஏணிப் பக்கம் நான் படுப்பேன், அவள் விழுந்துவிடக்கூடாது என்று. அவள் சுவர்ப் பக்கம். அது என் இடது. கீழே அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் படுத்திருப்பார்கள். அதனால் அவள் கிசுகிசு என்றுதான் பேசுவாள். மூச்சு காதில் படும். பேச்சு வராது. இரண்டு பேர் படுத்தால் புரண்டு படுக்க இடமில்லை, தலைமாட்டை மாற்றினால் தலைக்குப் பக்கத்தில் ஏணி ஓட்டை. என்ன என்று திரும்பக் கேட்டால் அவள் குரலை உயர்த்த வேண்டும். கீழே கேட்டுவிடும்.

ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.