ஊர் சொல்லாதவர்

சிலேட்டின் முன்பக்கத்தைப் பார்த்தாயிற்று. தாணுமாலையன் இப்போது அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். பிறகு மகளின் துணிப்பையைக் கவிழ்த்து உதறுகிறார். ஒரு பல்பத் துண்டும் காகித விசிறி ஒன்றும் விழுகின்றன. ஸ்ரீவராகத்தில் மகள் படிக்கும் நர்சரிப் பள்ளியிலிருந்து பத்தடி தள்ளி, மதில் நிழலில், மதியம் பன்னிரண்டரைக்கு இது தினமும் நடக்கிறது.

"இது என்னதாக்கும்?"

"ஜப்பான் விசிறிப்பா. டீச்சர் மடக்கச் சொல்லித் தந்தாவ."

"எதுக்கு?"

நாலரை வயதுப் பேச்சி கொஞ்சம் யோசித்தாள். "வீசுகதுக்கு."

அவர் விசிறியை வெயிலில் பிடித்து, மடிப்புக்குள் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையில் அவருக்கு எடை போடும் வேலை. மேல்சாக்கில் குத்தூசி விட்டு எடுத்த அரிசியை நம்பமாட்டார். அடிச்சாக்கை இழுத்துக் குத்துவார். தபால்காரர் கடிதம் கொடுத்தால், யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரத்தைத்தான் முதலில் தடவுவார். முன்பின் தெரியாதவர் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வார். "சிரிச்சிட்டு வாரவன்கிட்டதான் நாம சூட்சிச்சு, கவனமா நிக்கணும்" என்பார்.

நர்சரி நடத்துகிற சுசீலாபாய் டீச்சர் நிறையச் சிரிப்பவர். தம் வீட்டின் முன்னறைகள் இரண்டில், வாரம் ஒரு நாடாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார். எஸ்கிமோ வாரத்தில் பேச்சி வீட்டுக்கு வந்து, "அவிய பனிக்கட்டியில வீடு கெட்டுவாவ" என்றாள். "உள்ள அடுப்பு பத்த வச்சா உருகாதா?" என்றார் தாணுமாலையன். மறுநாள் டீச்சரிடமே போய் அதைக் கேட்டார். டீச்சர் சிரித்தார். இவர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

"அவ படிக்கா. உமக்கு என்ன வந்தது?" என்று மனைவி உச்சிமாகாளி கேட்டதற்கு, "என்ன வந்ததுன்னு தெரியுறதுக்குத்தான் பாக்கேன்" என்றார்.

ஓண விடுமுறை முடிந்ததும் டீச்சர் உலகத்தை விட்டு உள்ளூருக்கு வந்தார். பிள்ளைகளைக் கிழக்கே கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதுவரை பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பேச்சியின் பையிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. அப்பாவின் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வருஷம் வந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, திங்கட்கிழமை பிள்ளை வந்து சொல்ல வேண்டுமாம்.

தாணுமாலையன் அதை இரண்டு தடவை படித்தார். "இது பிள்ளையள்ட்ட கேக்குற கேள்வி இல்ல. சர்க்கார் கேக்குற கேள்வியாக்கும்."

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. தாழக்குடியிலிருந்து பதினாலு வயதில் இங்கே வேலைக்கு வந்தபோது இரண்டு ஊரும் ஒரே ராஜ்யம். ஐம்பத்தாறில் எல்லை மாறியது. ஊர் தமிழ்ப் பக்கம் போயிற்று. மலையாளப் பக்கத்தில் அவர் நின்ற இடத்திலேயே வெளியூர்க்காரர் ஆனார். அதற்குப் பத்து வருஷம் கழித்து, அவர் குடியிருந்த ஆரியசாலைச் சந்துக்குத் தாளும் பென்சிலுமாக ஒரு ஆள் வந்தான். இதே மூன்று கேள்விகள். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், எல்லாரும் சொன்னார்கள். இரண்டு மாதத்தில், அந்தப் பக்கத்து ஊரைச் சொன்ன ஐந்து குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஒன்று இவர் பெயருக்கு.

ஞாயிறு முழுக்க மகளைப் பழக்கினார்.

"அப்பா ஊரு எதுன்னு கேட்டா?"

"தெரியாது."

"மிட்டாய் தந்து கேட்டா?"

"வாங்கிக்கிட்டுத் தெரியாதும்பேன்."

அவருக்குத் திருப்தி. இருந்தாலும் திங்கட்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நர்சரி வராந்தாவில் கதவோரமாக நின்றுகொண்டார்.

உள்ளே சிமெண்டுத் தரையில் டீச்சர் சாக்பீஸால் கடல், மலை, நீளமாய் ஒரு ரோடு எல்லாம் வரைந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஊரைச் சொல்லி, டீச்சர் காட்டிய இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தது. ஆற்றிங்கல் என்றது ஒன்று. திருநெல்வேலி என்றது இன்னொன்று. பேச்சியின் முறை வந்தது.

"தெரியாது. எங்கப்பாவுக்கு ஊரு கெடையாது."

"ஊரு இல்லாம ஆளு உண்டா?" என்றாள் பக்கத்தில் இருந்த சிறுமி. "கள்ளனுக்குத்தான் ஊரு கெடையாது."

பேச்சி அழவில்லை. கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு சுவரோரம் போய், எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"சாரமில்ல மோளே" என்று தேற்றினார் டீச்சர். மற்ற பிள்ளைகளிடம், "எங்க ஆளுங்க தஞ்சாவூர்லேருந்து வந்தவங்களாக்கும். அப்போ நானும் வந்தவதான்" என்று தம் கொட்டையை எடுத்து வைத்தார்.

தாணுமாலையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். எல்லைச் சாவடி இருக்கும் களியக்காவிளை வர வேண்டிய இடத்தில் கண்ணை இடுக்கித் தேடினார்.

"டீச்சர், ஸ்டேட் எல்லை எங்க?"

"அந்தக் கோடு வரச்சில்ல. இவங்களுக்கு அது எதுக்கு?"

"இந்தப் பேரெல்லாம் எழுதி எங்க அனுப்புவிய?"

"எழுதலியே. வைகுன்னேரம், இருட்டுறதுக்குள்ள, ஈரத்துணியால துடைச்சுடுவேன்."

அவர் மூலையைப் பார்த்தார். வாளி இருந்தது. அதன் விளிம்பில் துணியும் கிடந்தது. டீச்சரின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை டீச்சர் சிரிக்கவில்லை.

பிறகு சுவரோரம் போய் மகள் பக்கத்தில் குந்தினார். கையால் வாயை மறைத்துக்கொண்டு, அவள் காதில் ஏதோ சொன்னார். பேச்சி திரும்பி அவரைப் பார்த்தாள். சந்தேகம் தீராமல், "நெசமாவா?" என்றாள். அவர் தலையாட்டினார்.

பேச்சி ஓடிவந்து ரோட்டின் மேல் நின்று, "தாழக்குடி" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கொட்டையை வைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

தாணுமாலையன் எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.