எல்லை தாண்டி வந்த மாரியம்மா

மாரியம்மாவை நம்பும் அக்கா தங்கச்சிகளுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முத்துலட்சுமி எழுதுகிறேன். போன பங்குனியில் என் தாலி கைவிட்டுப் போக இருந்தது. அது நிலைத்த கதையைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

என் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணிக் கட்டுகளை மொபெட்டில் கொண்டுபோய்ப் போடுகிறவர். நான் அந்தத் துணியை மடிக்கிறவள். வருஷம் தவறாமல் அவர் காப்புக் கட்டி, மாரியம்மன் கோவிலில் பூக்குழி இறங்கித் தீ மிதிப்பார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் ஒருவேளைச் சாப்பாடுதான். காப்பை அவிழ்க்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது.

காப்புக் கட்டிய சில நாளில், காலை நேரம், நாய் குறுக்கே வந்து மொபெட்டோடு விழுந்தார். ஹேண்டில்பார் முனை வலது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. மேலே சிராய்ப்புகூட இல்லை.

"ரத்தமே வரலை. பொறவு என்ன காயம்?" என்றார்.

காயம் என்றால் ரத்தம் என்றுதான் எனக்கும் தெரியும். வயிறு வலித்ததை விரத வயிறு என்று விட்டுவிட்டோம். வலது தோள்பட்டை வலித்ததற்கு நானே எண்ணெய் தேய்த்துவிட்டேன். மதியத்துக்குள் அவர் முகம் வெளுத்து, நெற்றி சில்லென்று வேர்த்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் ஊர் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தோள்பட்டை வலியைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"கல்லீரல்ல அடிபட்டிருக்கலாம். உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா தோள்பட்டையில வலி தெரியும். உடனே இராஜபாளையம் போய் சி.டி. ஸ்கேன் எடுங்க. அங்க தங்க வேண்டியிருக்கும்."

"காப்போட நான் வெளியூர்ல தங்கமாட்டேன். செத்தாலும் இங்கனயே சாகுதேன்" என்றார் இவர்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீங்க போயிட்டா நான் மட்டும் எங்கன இருக்க?" என்று கத்திவிட்டேன். பிறகுதான் தலையை ஆட்டினார். ஆம்புலன்சில் ஏற்றினோம்.

ஊர் எல்லை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவருடைய காப்புக் கையைப் பிடித்துக்கொண்டு நான் வாய்விட்டே கேட்டேன். "தாயி, இவரை நான்தான் எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போறேன். குத்தம்னா எம்மேல வை. நீ மட்டும் இங்கனயே நின்னுறாத. கூட வா."

ஸ்கேனில் கல்லீரல் கிழிந்திருந்தது தெரிந்தது. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது.

"இப்ப புதுசா கசியலை. பிரஷர் இறங்காம இருந்தா ஆபரேஷன் வேண்டாம், தானா ஆறும். இறங்குச்சுன்னா உடனே வயித்தத் திறக்கணும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் காப்புக் கயிற்றைப் பார்த்துவிட்டு, அவிழ்க்கச் சொல்லாமல் மறு கையில் ஊசி ஏற்றினார். எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது. மாரியம்மா கூடவே வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிரஷர் இறங்கவே இல்லை.

பூக்குழி நாளன்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். "எல்லாரும் இறங்குதாவ. நான் இங்க கிடக்கேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குத்தான் மறுபடி ஸ்கேன். முதல் தடவை மயக்கத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை வெளியே வந்தவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஏட்டி, ஊசியில மருந்து ஏத்துனதும் உடம்பு பூரா ஒரு சூடு ஓடுச்சு பாரு! அப்படியே பூக்குழியில நடந்த மாதிரி. என்னால வர முடியலைன்னு அம்மாவே இங்க வந்து என்னையப் பூக்குழி இறக்கிவிட்டுட்டா!"

"அந்த மருந்து எல்லாருக்கும் சுடத்தான் செய்யும், அண்ணாச்சி" என்று நர்ஸ் சிரித்தார். சுடட்டுமே. காயம் ஆற ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நான் நின்ற இடத்திலேயே கும்பிட்டு அழுதேன்.

இப்போது நன்றாக இருக்கிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றில் அடிபட்டால், ரத்தம் வரவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எந்த எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தாலும் தாண்டுங்கள். கூட வா என்று ஒரு வார்த்தை கூப்பிடுங்கள். என்னோடு ஆம்புலன்சில் வந்தவள் உங்களோடும் வருவாள்.