ஸ்டவ் வெடிக்கவில்லை

2007ஆம் ஆண்டு, ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு நாற்பதுக்குத் திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். மடியில் ரெக்சின் பை. அதற்குள் இரண்டு வெள்ளைக் கோட்டு, ஒரு தெர்மாமீட்டர், கத்தரி, பஞ்சு, கட்டுத் துணி, நாற்பது பக்க நோட்டு ஒன்று. நர்சிங் அசிஸ்டன்ட் படிப்பை முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊர் ஊராகப் போய் நோயாளிகளின் இடத்திலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. இதுதான் முதல் பயணம்.

அனுப்பிவைத்தது திருவள்ளூரில் இருந்த ஓர் ஏஜென்சி. சேர்ந்த அன்றே அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஊர் ஊராகப் போகிற பெண்கள் சொல்லாமல் ஓடிவிடக் கூடாதாம். அந்த மேடம் காலையில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"ரேவதி, இவன் ஒரு கம்பெனி ஆளு. கால்ல சின்னக் காயம். கட்டு மாத்தி, மாத்திரை குடு. பத்து நாள். மத்ததெல்லாம் கேக்காத."

அந்தக் கடைசிச் சொல்லுக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் என் மேல் எனக்குத் தீராத கோபங்களில் அது முதலாவது.

ஊத்துக்கோட்டையில் பேருந்து கால் மணி நேரம் நின்றது. பாதிக் கடைகளின் பலகை தெலுங்கில் இருக்கும். அங்கிருந்து கிழக்கே திரும்பியதும் வயல்கள் கொஞ்ச தூரம் கூட வரும், பிறகு லாரிகள்தான். பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரி, புதுக் கம்பி ஏற்றி வரும் லாரி. கம்பிகளின் வால் தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். சாலையோர வேப்பமரத்தின் இலைகள் துருவேறின மாதிரி இருந்தன. ஜன்னலை உரசிய ஓர் இலையைத் தொட்டபோது விரலில் பழுப்புப் பொடி ஒட்டியது.

பதினொன்று இருபதுக்குக் கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு ஐந்து ரூபாய். ஓட்டியவர் பெயர் மனோகர். ஐம்பதை நெருங்கியவர், சூளூர்ப்பேட்டைப் பக்கத்துக்காரர். என் பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நர்ஸாம்மா நீ? எந்தக் கம்பெனிக்கு?"

சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "அங்க ஏது ஆஸ்பத்திரி? சரி, இன்னாவோ. எதுனா ஒண்ணுன்னா ஸ்டாண்டுக்கு வா. நான் அங்கதான் கீறேன்."

அந்தக் கம்பெனி ஓர் உருக்காலை; வாசலில் பத்தடி உயரப் பலகை. மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். கீழே 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தது. மதில் சுவருக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பன்னிரண்டு அறைகள் வரிசையாக இருந்தன. வெளியூரிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கு. என்னைக் கூட்டிப்போன சூப்பர்வைசர் பாஸ்கர், கடைசி அறைக்கு முன் நின்று சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். கதவில் வெளிப்பக்கம் பூட்டு.

"ஏன் சார் பூட்டியிருக்கு?"

"எங்கனா எய்ந்து போய்டுவான்."

கதவு திறந்ததும் நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. எழுந்து போய்விடுவான் என்று பூட்டப்பட்டவன், எழுந்து உட்காரவும் முடியாமல் பாயில் கிடந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். ஒடிசாக்காரன். பெயர் கைலாஷ். வலது காலில் கணுக்காலிலிருந்து விரல்கள் வரை பழைய துணி சுற்றியிருந்தது. மேலே மஞ்சள் களிம்பு காய்ந்து தோலோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் விட்டு விட்டுத் துணியைப் பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பாதத்தின் குறுக்கே எரிந்த பள்ளம். இரண்டு விரல்கள் கரியாக இருந்தன. சூடு பார்த்தேன்: நூற்று மூன்று. நாடி நூற்று இருபது. நோட்டில் நேரம் போட்டு எழுதினேன்.

அவனுக்குத் தமிழில் பத்து இருபது வார்த்தைகள் தெரியும். காலைக் காட்டி, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"மில்லு. கம்பி. லால் கம்பி," என்றான். விரலால் பாதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினான். பழுக்கக் காய்ந்த கம்பி உருளையிலிருந்து தவறித் துள்ளி வந்து காலில் விழுந்திருக்கிறது.

"எப்போ?"

நான்கு விரலைக் காட்டினான். நாலு நாள். அந்த நாலு நாளில் எந்த டாக்டரும் வந்து பார்க்கவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து களிம்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மதியம் ஒன்றரைக்கு, வாசலில் இருந்த டீக்கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து ஏஜென்சியைக் கூப்பிட்டேன். "மேடம், இது சின்னக் காயம் இல்ல. அழுகிப்போச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"நீ டாக்டரா?"

"இல்ல மேடம்."

"அப்ப டாக்டர் மாதிரிப் பேசாத. சாயங்காலம் டாக்டரைக் கூட்டினு வரேன்னு பாஸ்கர் சார் சொல்லிக்கிறாரு. வெயிட் பண்ணு."

வெயிட் பண்ணினேன். காயத்தைக் கழுவினேன், ஈரத்துணி போட்டேன், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாயின் அழுக்கை மாற்றினேன். ஆறு மணி ஆனது, ஏழு ஆனது. எந்த டாக்டரும் வரவில்லை. அறையின் மற்ற மூவரும் ராத்திரி ஷிப்டில் இருந்தார்கள்; நான் அவன் பக்கத்திலேயே விழித்திருந்தேன். ஒரு வருடம் படித்த படிப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கீழ்ப்படிதல்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பாஸ்கர் வந்தார். டாக்டரோடு அல்ல, ஒரு தாளோடும் மை டப்பாவோடும். கைலாஷின் கைக் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைக்கப்போனார்.

"சார், இன்னா அது?"

"ஒண்ணுமில்லம்மா. ஃபார்மாலிட்டி. கீழ நீயும் ஒரு கையெழுத்துப் போடு. நர்ஸுன்னு போட்டுக்கோ, உனுக்கும் கௌரவமா இருக்கும்."

வாங்கிப் படித்தேன். அறையில் சமைக்கும்போது மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துத் தன் காலில் தீக்காயம் ஏற்பட்டது என்றும், இதற்கும் ஆலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும், தன் சொந்த விருப்பத்தின்பேரில் ஊருக்குத் திரும்புவதாகவும் கைலாஷ் எழுதிக்கொடுப்பது போலத் தட்டச்சு செய்திருந்தது. அவனுக்கு ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாத தமிழில்.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து அறை. நான்கு பாய், நான்கு தகரப்பெட்டி, கொடியில் லுங்கிகள்.

"ஸ்டவ் எங்க சார்?"

"இன்னா?"

"வெடிச்ச ஸ்டவ்வு. அது எங்க? இவங்கல்லாம் மெஸ்ஸுலதான சாப்புடறாங்க? சுவத்துல ஒரு பொட்டு கரி இல்லியே."

பாஸ்கரின் முகம் மாறியது. "ஏம்மா, உன்ன எதுக்கு இட்டாந்துகீது? கேள்வி கேக்கவா? கையெழுத்துப் போட்டுக்கினு வேலயப் பாரு. நீ எந்த ஊரு, உங்க ஊடு எங்க, எல்லாம் ஏஜென்சில கீது. பேஜாரு பண்ணாத."

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். எனக்குள் இருப்பது பயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச ஆரம்பித்த பிறகுதான் அது பயம் இல்லை என்று தெரிந்தது.

"போட மாட்டேன். அவன் விரலையும் விடு. இல்லன்னா இங்கியே நின்னு கத்துவேன். ஷிப்டு மாறுற நேரம். அத்தினி பேரும் வருவாங்க."

'சார்' எப்போது போனது என்று எனக்கே தெரியாது. அவர் தாளை மடித்தார். "பன்னெண்டு மணிக்கு வேன் வரும். இவன் ஊருக்குப் போறான். நீயும் கெளம்பு," என்று சொல்லிவிட்டுப் போனார். எரிச்சலில் பூட்டை மறந்துவிட்டார்.

அந்தக் காயத்தோடு ஒடிசா ரயிலில் ஏற்றினால் அவன் போய்ச் சேர மாட்டான். அதைச் சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஸ்டாண்டுக்கு ஓடினேன். மனோகர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடலாமாண்ணே?"

"கூப்பிட்டா கேட்டாண்டையே திருப்பி அனுப்பிடுவானுங்க. ரயிலாண்ட வுட்டுடறேன் வா. டப்பு கிப்பு எதுவும் வேணாம்."

பின்பக்கச் சந்து வழியாக ஆட்டோவைக் கொண்டுவந்து, கைலாஷை இரண்டு கையாலும் தூக்கிக் கிடத்தினார். போகும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இந்த எஸ்டேட்டுலருந்து நான் இட்டுக்கினு போறது இது மூணாவது ஆளும்மா. மொத ரெண்டு பேரு இன்னா ஆனாங்கன்னு தெரியாது."

ஒன்பது ஐம்பதுக்குச் சென்னை கடற்கரை போகும் மின்சார ரயில். இரண்டு டிக்கெட், இருபது ரூபாய். எதிரும் புதிருமான இருக்கைகளில் கைலாஷைச் சாய்த்து, காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் எங்களைச் சுற்றி இருக்கைகள் காலியாகிவிட்டன. கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்த ஒருவர், "இத்தயெல்லாம் லக்கேஜ் பெட்டில ஏத்தக்கூடாதா?" என்று பொதுவாகக் கேட்டார்.

பொன்னேரியில் துணி மூட்டையோடு ஓர் அம்மா ஏறினார். பழவேற்காட்டுக்காரர், பெயர் நூர்ஜஹான். மண்ணடிக்குச் சரக்கெடுக்கவும் மாற்றவும் வாரம் இரண்டு முறை போகிறவர். நாற்றத்தைக் கண்டு அவர் நகரவில்லை. மூட்டையை அவிழ்த்து, ஒரு புதுப் பெட்ஷீட்டை எடுத்து மடித்து, காலுக்கடியில் வைத்தார். பிறகு கைக்குட்டைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொன்னீங்க? லக்கேஜா? உங்க ஊட்டுக்குப் போட்டிருக்கீங்களே கம்பி, அது இவன் மாதிரிப் பசங்க இழுத்ததுதான். மூக்க மூடறதுக்கு முன்னாடி வாய மூடுங்க."

மீஞ்சூரில் அந்த ஆள் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார். நூர்ஜஹான் அக்கா வண்ணாரப்பேட்டையில் எங்களோடு இறங்கினார். "பெரியாஸ்பத்திரில எந்த வாசல்ல போனா சீக்கிரம் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க ஊட்டுக்காரர வெச்சுக்கினு மூணு மாசம் அலைஞ்சிருக்கேன். வா."

பன்னிரண்டேகாலுக்கு அவசரப் பிரிவு. எப்படி அடிபட்டது என்று கேட்டு எழுதிக்கொண்ட காவலரிடம், உருக்காலையில் வேலை நேரத்தில் கம்பி விழுந்தது என்று தெளிவாகச் சொன்னேன். கைலாஷும், "மில்லு, கம்பி," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஸ்டவ் கதை எழுதிய தாளைப் பற்றியும் சொன்னேன். என் பெயர், ஊர், எல்லாம் கொடுத்தேன். நாற்பது பக்க நோட்டில் முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்த பெண் டாக்டர், "யார் எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்துக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தினார்.

மாலை நான்கு மணிக்கு வெளியே வந்து அவரே சொன்னார்: உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முன்பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

"நேத்தே கொண்டாந்திருந்தா டாக்டர்?"

"நேத்து இல்லம்மா. அன்னைக்கே வந்திருக்கணும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாள்களில் ஒன்று என்னுடையது. டாக்டரைக் கூட்டிவருவார்கள் என்று நான் உட்கார்ந்திருந்த நாள் அது.

வெள்ளிக்கிழமை ஒடிசாவிலிருந்து கைலாஷின் அண்ணன் வந்து சேரும்வரை வார்டிலேயே இருந்தேன். அன்று பகல் ரயிலில் திருவள்ளூர் போய் ஏஜென்சி வாசலில் நின்றேன். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"உன்னால ஒரு பெரிய பார்ட்டி போச்சு. இனிமே உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்."

"அனுப்ப வேணாம். சர்டிபிகேட்ட குடுங்க."

"அது ஆபீஸ் கஸ்டடில இருக்கு."

"அதுல எம்பேருதான் இருக்குது மேடம், உங்க பேரு இல்ல. பெரியாஸ்பத்திரில போலீஸ்காரர் எழுதிக்கினாரு. 'சின்னக் காயம்'னு அனுப்பிச்சது யாருன்னு இன்னும் அவரு கேக்கல. கேட்டா சொல்லுவேன்."

பீரோ திறந்தது.

பிறகு நடந்தவை: பெரியாஸ்பத்திரி வார்டில் பழகிய ஒரு சிஸ்டர் மூலம் மீஞ்சூரில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது, அங்கிருந்து இன்னொன்று. எந்த ஏஜென்சியும் இல்லாமல் ஊர் ஊராகப் போகிறேன். கைலாஷ் ஒற்றைக் கட்டையை ஊன்றிக்கொண்டு அண்ணனோடு ஊருக்குப் போனான். தொழிலாளர் அலுவலகத்தில் அவன் வழக்கு நடக்கிறது. இரண்டு முறை போய்ச் சாட்சி சொன்னேன். பாஸ்கர் வேறு ஆலையில் இருக்கிறாராம். சிரிக்கிற மஞ்சள் தொப்பிக்காரன் அதே இடத்தில்தான் நிற்கிறான்.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பியபோது, எங்கள் ஊரில் இப்படி நடக்காது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மாட்டுக்குக் காலில் முள் குத்தினால்கூடப் பத்துப் பேர் வந்து நின்று யோசனை சொல்லும் ஊர். அதே ஊரில் ஒவ்வொரு வருஷமும் கரும்பு வெட்ட வெளியூர் ஆட்கள் வந்து, வயலோரம் ஓலைக் குடிசை போட்டுத் தங்குவார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வெட்டுக்கத்தி காலில் பட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் வெட்டு ஆரம்பித்த வாரம், பையை எடுத்துக்கொண்டு எங்கள் கழனிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே அழுக்குத் துணி கட்டியிருந்த ஒரு பெரியவர் கரும்புக் கட்டு சுமந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லித் துணியைப் பிரித்தேன். நல்ல வேளை, ஆறுகிற புண்.

"உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் தாண்டித் தலையை நிமிர்த்தினார். வரப்பில் நின்றிருந்த, ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார், சொல்லலாமா என்று.