காதுக் கல்லுக்குப் பக்கத்தில்

என் மனைவி முப்பது வருடமாக என்மேல் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. "உங்க வாய்க்குக் குடுத்ததுல பாதியைக் கடவுள் கண்ணுக்குக் குடுத்திருக்கலாம்" என்பாள். நல்ல பேச்சு எங்கே காதில் விழுந்தாலும் முடிந்து வைத்துக்கொள்கிற ஆள் நான். என்னைத் திட்டியதாக இருந்தாலும் சரிதான்.

அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் மகள் டப்பா தேடும் விளையாட்டில் இழுத்துவிட்டாள். சென்னையிலிருந்து வந்தவள் எங்கள் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தை ஆப்பில் குறித்துவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம், ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போடலாம். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். டாக்டர் சொல்லியும் நடக்காத நாங்கள் இதற்காக நடந்தோம். டப்பாவை எப்போதும் என் மனைவிதான் எடுப்பாள். நான் வழியில் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பேன்.

பிறகு நாங்களே ஒன்று வைத்தோம். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, பழைய உப்பு முதலாளி ஒருவரின் பங்களாவும் கிடங்கும் இடிந்து கிடந்த தோட்டத்தை இப்போது சிற்பப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். கூரை போன அறைகளில் கருங்கல் சிற்பங்கள். அதில் ஆளுயரக் காது ஒன்று உண்டு, காதுக் கல் என்பார்கள். அதற்குப் பக்கத்தில் எங்கேயோ அவள் வைத்தாள். எங்கேயோ என்கிறேனே, அப்போது நான் வாசலில் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தேன். தகரம் அந்தக் காற்றில் இற்றுப்போகும் என்று பிளாஸ்டிக் ஊறுகாய் பாட்டில்.

மறுவாரம் அவளுக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன். வீட்டிலேயே, பாட்டிலை மூடுவதற்கு முன் நோட்டின் முதல் பக்கத்தில் என்னவோ எழுதியிருந்தாள். எட்டிப் பார்த்ததற்குக் கையால் மறைத்தாள். "நீங்களா தேடி எடுத்துப் படிங்க."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். நாலைந்து வாரம் கழித்து ஆப்பில் ஒருவர் எழுதியிருந்தார், டப்பாவைக் காணவில்லை என்று. அடுத்து வந்தவரும் அதையேதான் எழுதினார். அவள் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "போச்சா அது?" என்றாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதுகூட அப்படி ஒரு குரல் அவளுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் போனேன். முந்தின நாள் மழையில் பூங்கா முழுக்கச் சேறு. காதுக் கல் வரைக்கும் போன் கூட்டிப்போய் விட்டது, மீதி கண்ணின் வேலை. ஒரு மணி நேரம் செங்கல் செங்கல்லாகத் தடவினேன். பெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணா, செவுத்தைத் தடவிக்கினு இருக்கீங்க?" என்றாள் சின்னவள்.

"ஒரு ஊறுகாய் பாட்டில்மா. உள்ள நோட்டு இருக்கும்."

அவள் சட்டென்று பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, வெச்சவரு இவருதான் போல."

பெரியவள் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள். "யாருக்குய்யா வெச்ச?"

எனக்குப் புரியவே நேரம் பிடித்தது. செய்வினை என்று நினைத்திருக்கிறார்கள்! டப்பாவைத் தேடி வந்த யாரோ ஒரு குட்டித் துணிப் பொம்மையை அதற்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கழுத்தில் சிவப்பு நூலோடு.

"பொம்மை, அதுக்குச் செவப்புக் கயிறு, பேரு பேரா எழுதின நோட்டு. வேற இன்னான்னு நெனைக்கிறது?" என்றாள் சின்னவள். "இத்தினி பேருக்கு ஒரே பாட்டில்ல வெச்சிருக்கான்னா எம்மாம் பெரிய ஆளா இருப்பான்னு பயந்துட்டோம்ணா!"

இருவருக்கும் உப்பளத்தில்தான் வேலை. மழை மாதத்தில் அங்கே வேலை இல்லாததால் இங்கே வருகிறார்கள். பயந்தவர்கள் வேறெதைத் தேடிப் போவார்கள்? கூடை கூடையாக உப்பை அள்ளி வந்து, கிடங்கில் கொஞ்சம் கூரை மிச்சமிருந்த மூலையில் பாட்டிலைத் தள்ளி, மேலே கொட்டிவிட்டார்கள். "உப்பைக் கொட்டிட்டோம், இனிமே அது யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்றாள் பெரியவள். தினமும் காலையில் தூர நின்று, குவியல் கலையாமல் இருக்கிறதா என்று வேறு பார்த்துக்கொள்வார்களாம்.

இது ஒரு விளையாட்டு, எடுத்தவர்கள் நோட்டில் பெயர் எழுத வேண்டும், முதல் பக்கம் என் மனைவி எழுதிவைத்தது, உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாள் என்று சொன்னேன். பெரியவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நீயே எடுத்துக்க. நாங்க தொட மாட்டோம்."

குவியலைக் குடைந்தேன். கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம் குடைந்தேன்.

"ஐயோ, அங்க இல்லய்யா! கண்ணு எதுர இருக்குது பாரு." தொட மாட்டேன் என்றவள் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தோண்டி எடுத்துவிட்டாள். உப்பு பிடித்து இறுகிய மூடியையும் அவள்தான் திருகித் திறந்தாள். உள்ளே ஈரமில்லை. முதல் பக்கத்தைச் சத்தமாகவே படித்தேன்.

"இதை எடுப்பவருக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் ஒரு நாள் தனியாக இங்கே தேட வருவார். கண் எதிரில் இருந்தாலும் அவருக்குத் தெரியாது. கொஞ்சம் கூட நின்று எடுத்துக் கொடுங்கள்."

'தனியாக' என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன். அதற்கப்புறம் மெதுவாகத்தான் படித்தேன். தான் திரும்பி வரமாட்டோம் என்று நினைத்த அன்றைக்கு அவள் கவலைப்பட்டது இதற்கா!

சின்னவள்தான் முதலில் பேசினாள். "அண்ணிக்கு நம்மளத் தெரியுமாக்கா?"

பெரியவள் கையைச் சேலையில் துடைத்தாள். "எடுத்தவங்க பேரு எழுதணும்னு சொன்னியே, எங்கே எழுதறது?" என்று நோட்டை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். சின்னவளும் எழுதினாள்.

வீட்டுக்குப் போன் போட்டேன். "எடுத்துட்டேன்" என்றேன்.

"பொய். யாரு எடுத்துக் குடுத்தாங்க?"

நான் போனைப் பெரியவளிடம் நீட்டினேன்.

"நாங்கதாம்மா" என்றாள் அவள், உப்பளத்தில் தூர நிற்பவரைக் கூப்பிடுவதுபோல உரக்க. "பத்திரமா உப்புல போட்டு வெச்சிருந்தோம். நீ ஒடம்பைப் பாத்துக்க. இந்தாளை அடுத்த வாட்டி தனியா அனுப்பாத."