சட்டைப்பையில் பதிவான பேச்சு

நான் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை பார்க்கிறேன். சர்க்கரை உண்டு. காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. கொடியில் நோய் வந்தால் அடிக்கிற நீல மயில்துத்தப் பொடியைப் புண்ணில் தூவிக் கட்டினேன். புண் பெரிதானது. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டு மாற்றும் நர்ஸ் முதல் நாளே கடிந்து பேசினார். மறுநாள் போனைப் பதிவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மரியாதை இல்லாமல் பேசினால் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து பதிவைக் கேட்டேன்.

"அண்ணே, புண்ணு ஓரத்துல நீலமா இருக்கே. என்ன போட்டீக?"

"ஒண்ணும் போடல."

"மறைக்காதீகண்ணே. சொன்னாத்தான் அதுக்குத் தக்கன பார்க்க முடியும். முத்திப்போனா காலையே எடுக்கணும்பாக."

"போடலைன்னா போடல. உன் வேலையப் பாரு."

அந்தக் கடைசிக் குரல் என்னுடையது. சொல்ல வெட்கப்பட்டுத்தான் அப்படிப் பேசினேன்.

மனைவி போனை அணைத்தாள். "இதத்தான டாக்டருட்ட காட்டப் போறீக? காட்டுங்க, நல்லா இருக்கும்" என்றாள்.

மறுநாள் நர்ஸிடம் துத்தம் போட்டதைச் சொன்னேன். பதிவு செய்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "பதியட்டுமான்னு கேட்டிருந்தா நானே சத்தமாப் பேசியிருப்பேன்ல" என்றார். பிறகு புண்ணைக் கழுவி, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஒரு விரலை எடுத்தார்கள். கால் பிழைத்தது.

இப்போதும் ஆஸ்பத்திரியில் சொல்வதைப் பதிவு செய்கிறேன். மாத்திரை விவரம் எனக்கு மறந்துபோகும். ஆனால் அனுமதி கேட்டுவிட்டு, போனை மேசைமேல் வைக்கிறேன். நர்ஸும் டாக்டரும் கேட்பதற்கு உள்ளதைச் சொல்கிறேன்.