வெள்ளைக்காரன் என்று விழுந்த கல்

மொன்ட்ரியாலில் ஒரு தபால் போடுவதற்குக்கூட நெஞ்சில் துணிவு வேண்டியிருந்தது. இங்கிலீஷ்காரர்களிடமிருந்து பிரிந்து தனி நாடு கேட்ட பிரெஞ்சுக்கார இளைஞர்கள் தபால் பெட்டிக்குள் வெடிகுண்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்டியின் மேல் பிரிட்டிஷ் மகுடம் இருந்ததுதான் அது செய்த குற்றம். எழுபதாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் பேட்டையின் ஜனங்கள் எதிர்ச்சாரியில் நடந்து பெட்டியைத் தாண்டினார்கள். எனக்கோ மாதம் தவறாமல் சென்னைப் பத்திரிகைக்குப் பேய்க்கதை அனுப்பியாக வேண்டும். உறையை உள்ளே தள்ளிவிட்டு ஓட்டமாக ஓடுவேன். என் மனைவி கமலா எதிர்ச்சாரியில் நின்றபடி தலையில் அடித்துக்கொள்வாள்.

பகலில் நான் லாசாலில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். மற்ற நேரமெல்லாம் பழைய லண்டன். விமானம் மாறியபோது கண்ணாடி வழியே பார்த்த மழையைத் தவிர அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் தூக்குமேடைகளும் தலை வெட்டிய முற்றங்களும், எந்தப் படிக்கட்டில் எந்தப் பிரபு கழுத்தறுந்து அலைகிறான் என்பதும் எனக்கு அத்துப்படி. பழைய புத்தகக் கடைகளில் லண்டன் படங்களாகத் தேடி வாங்கிக் கூடத்துச் சுவர் முழுக்க மாட்டியிருந்தேன். இதென்ன ஆசை என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உப்பெடுக்கப் போன என் அப்பாவின் மணிக்கட்டை வெள்ளைக்கார அரசாங்கத்துப் போலீஸ் தடியால் அடித்து முறித்தது. அதிலிருந்து அந்தக் கையால் அவருக்குச் சோறு பிசைய வராது. என்னால் ஆனது, கதைக்குக் கதை நாலு துரைகளைக் கொல்வது. கோடாலியால் பிளப்பேன், தேம்ஸில் அமுக்குவேன், பேயாக்கி அலைய விடுவேன். அப்பா தஞ்சாவூரில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிப்பார். ஊருக்குப் போயிருந்தபோது, "போன கதையிலே ரத்தம் பத்தலைடா" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கமலா ஜன்னலோரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. எட்டிப் பார்த்தேன். கீழ் வீட்டுப் பிரெஞ்சுக்காரப் பையன் ழில், பல்கலைக்கழக மாணவன், எங்கள் அடைத்த குழாயைச் சரிசெய்து தந்தவன், கையில் இன்னொரு கல்லோடு நின்றான். அன்று காலையில்தான் அவன் அண்ணனைக் காரணம் சொல்லாமல் போலீஸ் இழுத்துப் போயிருந்தது.

இறங்கி ஓடி, அவன் சட்டையைப் பிடித்து வாயில் ஓங்கிக் குத்தினேன். உதடு கிழிந்தது.

"உங்க சுவரெல்லாம் லண்டன்! நீங்க இங்கிலீஷ்காரங்க ஆளு!" என்று பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் கத்தினான்.

"நானா? என் மூஞ்சியைப் பாருடா!" என்று நான் தமிழிலேயே கத்தினேன். அவனுக்கு என்ன புரியும்? தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்காரனிடம் உதை வாங்கிய குடும்பம், கடைசியில் வெள்ளைக்காரன் என்று கல்லடி பட்டது.

அதற்குள் கமலா துண்டால் நெற்றியை அழுத்தியபடி இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் ழில் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். எங்களிடம் கார் இல்லை, அவனிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் அதிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

தெரு முனையில், குண்டு வைப்பவர்களைப் பிடிக்க ஊருக்குள் இறக்கியிருந்த ராணுவம் மறித்தது. சிப்பாய் குனிந்து, நனைந்த துண்டையும் ழிலின் உதட்டையும் பார்த்தான். "இவன் வேலையா, சார்?" என்றான் ஆங்கிலத்தில். எனக்கு மட்டும் சார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் போன இடத்துக்குத் தம்பியும் போவான். சொல்லிவிடத்தான் வாய் துடித்தது. சிப்பாய் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து, ழிலின் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்து, முகத்தைக் காரின் மேலேயே மோதினான். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது.

"விடுங்க! இது குடும்பச் சண்டை" என்றேன்.

"குடும்பமா?" எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆமாம்."

காறித் துப்பிவிட்டு வழி விட்டான்.

ழில் ரத்தம் ஒழுக ஒழுக ஓட்டினான். "உங்களை சார்னு கூப்பிட்டான், பார்த்தீங்களா?" என்றான். நன்றி சொல்லவில்லை. பின்னாலிருந்து கமலா, "என் மண்டையை உடைச்சவன் உங்களுக்குக் குடும்பம். அப்போ நான் யாரு?" என்றாள். நான் குனிந்துகொண்டேன். என் வெள்ளைச் சட்டையில் அவர்கள் இருவரின் ரத்தமும் இருந்தது. என்னுடையது ஒரு சொட்டுகூட இல்லை.